பச்சை அட்டை

வாங்க கோச்சு சார், உக்காருங்க. பயலுக நிக்கும்போது அப்படித்தான கூப்பிடுதேன்? மரியாதையில ஒரு கொறை வச்சிருக்கனா? இப்ப பயலுக போயாச்சு. கேட்டும் பூட்டியாச்சு. இனிமே நீ எந் தங்கச்சி மவன், எம் மவளைக் கட்டுன மருமவன். அந்த மொறையில கொஞ்சம் பேசணும். வாட்சைப் பாக்காத. நீ வீட்டுக்குப் போற நேரம் இன்னும் வரல. அது எனக்கும் தெரியும், ஒம் பொண்டாட்டிக்கும் தெரியும், தெருநாய்க்கும் தெரியும்.

மொதல்ல ஒன்னையப் பாராட்டிருதேன். காலையில அஞ்சு மணிக்கு டர்ஃப்ல நின்னு விசில் ஊதுதே. பகல்ல பள்ளிக்கூடத்துல பி.டி. மாஸ்டரு. சாயங்காலம் நாலரைக்கு மறுபடி மட்டையும் கையுமா வந்துருதே. ராத்திரி ஒம்பதுக்கு லைட்டை அணைச்ச பொறவும் பைக்குல சாஞ்சுக்கிட்டு நாலு அப்பாமாருக்கு விளக்கம் சொல்லுதே. ஞாயித்துக்கிழமை பிராக்டீஸ் மேட்ச். தீவாளிக்கு மறுநாளே கேம்ப்பு. பாட்டியாலா போயி என்.ஐ.எஸ். முடிச்சுட்டு வந்தவன் நம்ம குடும்பத்துல நீ ஒருத்தன்தான். இப்படி ஒழைக்கிறவனுக்கு கோவில்பட்டி ஏதாவது செய்யணும்ல? அதான் நானே ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். ஃப்ளெக்ஸ்காரன்கிட்ட வெலை கேட்டு வச்சிருக்கேன்.

பத்துக்கு எட்டு சைஸு. பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்க வைக்கணும். நடுவுல ஒம் படம். அந்த நேஷனல் போனப்ப பிளேசர் போட்டு எடுத்தேல்லா, அதைப் போடச் சொல்லியிருக்கேன். அதுலதான் கன்னத்துல சதை இருக்கு. பக்கத்துல ஒரு மட்டையைச் சாத்தி வைப்போம். மேல ரெண்டு புறா. 'ஹாக்கியே மூச்சாக வாழ்ந்தவர்'னு எழுதுனாப் போதும், நின்னு போனது மூச்சுங்கிறதால பொருத்தமா இருக்கும். கீழ ஒங்கிட்டப் படிச்ச பயலுக பேரு முப்பது நாப்பது. பதினாறாம் நாள் விசேசம் வரைக்கும் அது அங்ஙன நிக்கும். அதுக்குப் பொறவு எவனாவது ராத்திரியோட ராத்திரியா அவுத்துட்டுப் போயி வைக்கப்படப்பை மூடுவான். ஐப்பசி கார்த்திகை மழையில வைக்கோல் நனையாம இருக்கும். பாத்துக்க, போன பொறவும் நாலு மாட்டுக்கு ஒத்தாசையா இருப்பே.

சிரிக்காத. சிரிச்சா ஒனக்கு இருமல் வருது. அந்த இருமல் எங்க இருந்து வருதுன்னும் தெரியும். பின்சுவரு ஓரமாக் கெடக்குற ஃபில்டர் துண்டெல்லாம் நம்ம கோலிப் பய போட்டதா என்ன? அவன் இன்னும் பால் குடிக்கிற பய. அந்த வெவகாரத்துக்குப் பொறவு வாரேன்.

நான் மில்லுல ஸ்பின்னிங்ல கெடந்தவன், லீவு நாள்ல மட்டை பிடிச்சவன். எங்க காலத்துல மேட்ச்சுன்னா முப்பத்தஞ்சு முப்பத்தஞ்சு நிமிசமா ரெண்டு பாதி. மண்ணுத் தரை. விழுந்தா முட்டி நம்முது இல்ல. 2014-ல சர்வதேச ஹாக்கி சம்மேளனம் அந்த ஆட்டத்தை நாலா வெட்டிருச்சு. பதினஞ்சு நிமிசம் ஆடு, ரெண்டு நிமிசம் நில்லு, மறுபடி பதினஞ்சு, அதுக்குப் பொறவு பெரிய இடைவேளை. 'அதெல்லாம் டி.வி. விளம்பரத்துக்காக மாமா'ம்பே. இருந்துட்டுப் போகட்டும். ஓடுறவன் எளைப்பான்னு அவன் சட்டத்துல எழுதிட்டானா இல்லையா?

அதோட விட்டானா? உள்ள பதினோரு பேரு, வெளிய பெஞ்சுல அஞ்சாறு பேரு. யாரை வேணும்னாலும் எத்தனை தடவ வேணும்னாலும் மாத்திக்கிடலாம். ஒரு சென்டர் ஃபார்வர்டு அஞ்சாறு நிமிசம் உயிரைக் குடுத்து ஓடுனா நீ கையைக் காட்டி வெளிய இழுத்துருதே. 'எனக்கு ஒண்ணுமில்ல சார், நான் ஆடுதேன்'னு அவன் கெஞ்சுவான். அதுக்கு நீ என்ன சொல்லுதே? 'எளைச்சவனுக்குத் தான் எளைச்சது தெரியாதுடா, உக்காரு'ங்கே. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு என் ரெண்டு காதாலயும் கேட்டிருக்கேன். அதைச் சொன்ன வாய் ஒன்னோடதுதான? வாடகைக்கு எடுத்தது இல்லையே?

ஒன் ரூம்ல ஒட்டியிருக்க சார்ட்டையும் போயிப் பாத்தேன். கலர் பேனாவால கட்டம் போட்டு ரொம்ப அழகா எழுதியிருக்கே. திங்கள் வேகம், செவ்வாய் ஸ்டாமினா, புதன் பெனால்டி கார்னர். வாரத்துல ஒரு கட்டத்துல பச்சையில 'ரெஸ்ட்'டுன்னு இருக்கு. டோர்னமெண்டுக்கு முந்தின வாரம் லோடைப் பாதியாக் கொறைக்கணும்னு அம்புக்குறி போட்டிருக்கே. பிராக்டீஸ்ல ஒடம்பு தேயத்தான் செய்யும், தேஞ்சது கூடுறது தூக்கத்துலதான்னு பயலுகளுக்குக் கிளாஸ் எடுத்ததும் நீதான். அந்த சார்ட்டை மேலேருந்து கீழ வரைக்கும் தேடிட்டேன் மருமவனே. முப்பத்தி ரெண்டு பேரு பேரு இருக்கு. ஒம் பேரைக் காணும்.

டர்ஃபுக்குக்கூட ஒரு மரியாதை இருக்கு. மேட்ச்சுக்கு முன்னால அதுக்குத் தண்ணி அடிக்கணும், இடைவேளையிலயும் அடிக்கணும், இல்லைன்னா பந்து ஓடாது, விழுறவன் தோலு உரிஞ்சுரும். பிளாஸ்டிக் புல்லு, உயிர் இல்லாத சாமான், அதுக்கு நேரம் தவறாமத் தண்ணி. நீ சித்திரை வெயில்ல காலையில அஞ்சுல இருந்து எட்டரை வரைக்கும் ஒரு மடக்குக் குடிக்கல. 'மூத்திரம் மஞ்சளாப் போனா ரெண்டு கிளாஸ் தண்ணி குடிங்கடா'ன்னு பயலுகளுக்கு நாடகமா நடிச்சுக் காட்டுதே. ஒன்னுதைப் பாத்தியா? நான் எங்க பாக்க. எம் மவ சொன்னா, நீ ராத்திரி வந்து படுக்கும்போது கெண்டைக்கால் பிடிச்சு இழுத்து ஊரையே எழுப்புதேன்னு.

இப்ப அந்த அரையிறுதிக் கதைக்கு வாரேன். மூஞ்சியைத் திருப்பாத. கடைசி நிமிசம். நம்ம பயலுக ஒரு கோல் கம்மி. நம்ம பக்கம் பெனால்டி கார்னர் ஊதிட்டான். கேலரி மொத்தமும் எந்திரிச்சு நிக்கி. டிராக் ஃப்ளிக் அடிக்கிற பய எங்க? பெஞ்சுல உக்காந்து தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கான். ஒரு நிமிசத்துக்கு முன்னால நீதான் அவனை வெளிய இழுத்தே. கார்னர் குடுத்துட்டா அது முடியுற வரைக்கும் ஆளை மாத்தக் கூடாது, அது சட்டம். அந்தச் சட்டத்தைப் பயலுகளுக்குச் சொல்லிக் குடுத்தவன் நீ. அன்னைக்கு மறந்தவனும் நீ. நாலு நாளாத் தூங்காம, ரெண்டு பஸ் மாறி, பயலுகளுக்கு இட்லி வாங்கக் கியூவுல நின்னு, ராத்திரியெல்லாம் வீடியோ பாத்து, கடைசியில யாரு உள்ள யாரு வெளியன்னு ஒனக்கே தெரியல. நீ ஒழைக்காமப் போயி அந்த மேட்ச் போகல. ஒழைச்சதுலதான் போச்சு. இதை யாரும் ஒங்கிட்டச் சொல்ல மாட்டான். பயலுக பயந்து சொல்ல மாட்டானுக, அப்பாமாரு பின்னால போயிச் சொல்லுவாக. நான் பொண்ணு குடுத்தவன், அதனால சொல்லுதேன்.

மூத்தவன் மவ நர்சிங் படிக்கால்லா, அவகிட்ட ஒன்னையப் பத்திச் சொன்னேன். அவ ஒரு புஸ்தகத்தை எடுத்துக்கிட்டு வந்துட்டா. உலக சுகாதார நிறுவனம் 2019-ல 'பர்ன்அவுட்'னு இதை வரையறுத்து எழுதியிருக்காம். நோய்னு சொல்லல, வேலையிலேயே கெடந்து வேகுறவனுக்கு வார நெலைமையாம். அதுக்கு மூணு அடையாளம். ஒண்ணு, ஒடம்பும் மனசும் வத்திப் போறது. ரெண்டு, செய்யுற வேலை மேலேயே ஒரு வெறுப்பு, எகத்தாளம். மூணு, முன்ன நல்லாச் செஞ்ச காரியம் இப்ப கைக்கு ஒழுங்கா வராம இருக்கிறது. அவ வாசிக்க வாசிக்க எனக்கு ஒம் மொகந்தான் வந்துச்சு. போன மாசம் சின்னப் பயலுகளைப் பாத்து 'நீங்கள்லாம் எதுக்குடா வாரீங்க, ஆடு மேய்க்கப் போங்கடா'ன்னியே, அது ரெண்டாவது அடையாளம். ஆடு மேய்க்கிறதை லேசா நெனைச்சுட்டே, அதுவே தப்பு. பத்து வருசத்துக்கு முன்னால மட்டை வாங்க வழியில்லாத பயலுக்கு ஒஞ் சம்பளத்துல மட்டை வாங்கிக் குடுத்தவன் பேசுற பேச்சா அது? அரையிறுதி மூணாவது அடையாளம். மொத அடையாளத்துக்குச் சாட்சி வேண்டாம், நடையே சொல்லுது.

சினிமாவும் ஒன்னையக் கெடுத்துருச்சு. கோச்சுன்னா தாடி இருக்கணும், தூக்கம் இருக்கக் கூடாது, பொண்டாட்டி விட்டுட்டுப் போயிருக்கணும். 'இறுதிச்சுற்று' பாத்துட்டு வந்து நீ ஒரு மாசம் சவரம் பண்ணாமத் திரிஞ்சே. மாதவனுக்குத் தாடி எடுப்பா இருந்துச்சு. நீ சந்தையில தொலைஞ்ச ஆளு மாதிரி இருந்தே. அந்தப் படத்துலயும் கோச்சு சுகரு டெஸ்ட் பண்ணப் போற சீன் இல்ல.

நெசமான கோச்சு ஒருத்தர் கதை சொல்லுதேன். பேரன் போன்ல வாசிச்சது. கிராய்ஃப்னு ஹாலந்துக்காரர், ஃபுட்பால்ல பெரிய கை, பார்சிலோனா டீமுக்குக் கோச்சு. நின்னா சிகரெட், உக்காந்தா சிகரெட். 1991-ல நெஞ்சைத் திறந்து ஆபரேசன் பண்ணுனாக. அதோட சிகரெட்டை விட்டாரு. மேட்ச் நேரத்துல வாய் சும்மா இருக்குமா? குச்சி மிட்டாய் வாங்கி வச்சுச் சப்ப ஆரம்பிச்சுட்டாரு. நாப்பது வயசைத் தாண்டுன ஆளு, ஒலகமே டி.வி.யில பாக்குது, வாயில குச்சி மிட்டாய். வெக்கப்படல. மறு வருசமே ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிட்டாரு. ஆனா பழைய பாக்கியை நுரையீரல் மறக்கல. 2016-ல புத்துநோய்லதான் போனாரு. மிட்டாயை இருபது வருசம் முன்னால சப்பியிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரோ என்னமோ.

நம்ம ஊருல மிட்டாய்க்கா பஞ்சம்? கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடே குடுத்தாச்சு. பின்சுவரு ஓரமாப் போறப்ப ஒரு துண்டை வாயில போடு, பல்லுல ஒட்டிக்கிட்டுக் கால் மணி நேரம் பேச விடாது. பயலுகளுக்கும் நிம்மதி. ஆனா மொதல்ல சுகரைப் பாத்துட்டு வாயில போடு. ஒங்க அப்பனுக்கும் இருந்துச்சு, ஒங்க அம்மைக்கும் இருக்கு.

தொண்டையைப் பத்தி அந்த நர்சிங் பிள்ளை தனியாப் பாடம் எடுத்தா. ஒனக்குக் கொரல் போயி எத்தனை நாளாச்சு? நீ பேசுறது இப்ப ரேடியோ ஸ்டேசன் சரியா எடுக்காத மாதிரி இருக்கு. மைதானத்துல அடித்தொண்டையில கத்துறவங்களுக்குக் கொரல்நாணுல காய் காச்சிரும்ங்கா. கிசுகிசுன்னு பேசுனாலும் அதுக்கு ரெஸ்ட் இல்லையாம், பேசாம இருக்கிறதுதான் ரெஸ்ட்டாம். மூணு வாரம் தாண்டியும் கரகரப்பு போகலைன்னா, அதுவும் புகை பிடிக்கிறவன்னா, காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்டக் காட்டியே ஆகணுமாம். கத்தாம எப்படிக் கோச்சிங் குடுக்கிறதுன்னு கேக்கியா? கிட்டப் போயிச் சொல்லு. இல்ல, கையைக் காட்டு. நீ கத்துறதுல முக்காவாசி 'ஏய், ஏய்'தான். அதை ஒரு கழுதைகூடச் சொல்லிரும்.

அப்புறம் டீ. சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு, ஒம்பதுக்கு ஒண்ணு. உள்ள போன கஃபீன் பாதி எறங்கவே அஞ்சு மணி நேரம் போல ஆகுமாம். நீ பன்னெண்டு மணிக்கு மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு 'தூக்கமே வரல'ங்கே. எப்படி வரும், கேட்டுல நீயே ஆளை நிறுத்திட்டியே. பத்தரைக்குப் பொரிச்ச பரோட்டா நாலு, சால்னா ரெண்டு கிண்ணம். பயலுகளுக்கு மட்டும் முளைகட்டுன பயறு. ஏழு மணி நேரம் தூங்காத ஆளு கோவத்துல கூடிக்கிட்டும் யோசனையில கொறைஞ்சுக்கிட்டும் போவான். அதுக்குப் புஸ்தகம் வேண்டாம், நானே நைட் ஷிப்ட் பாத்தவன். மில்லுல எட்டு மணி நேரம் முடிஞ்சா சங்கு ஊதுவான். அடுத்த ஷிப்ட்காரன் வந்து தோளைத் தட்டுவான். 'இல்ல, நூல் அறுந்துருச்சு, நான் ஒட்டிட்டுத்தான் போவேன்'னு எவனும் நிக்க மாட்டான். எங்களுக்கு நூல் மேல பாசம் இல்லையா? பாசம் இருந்துச்சு, அடுத்தவனுக்கும் ஒட்டத் தெரியும்னும் தெரிஞ்சிருந்துச்சு.

அங்கதான் ஒன் வியாதி இருக்கு. நீ இல்லைன்னா ஒண்ணும் நடக்காதுன்னு நெனைக்க. போன வியாழக்கெழமை ஒன் விசிலைக் காணும்னு தேடுனேல்லா? பயலுக மேல எரிஞ்சு விழுந்தே, பள்ளிக்கூடத்துல வச்சுட்டேன்னு பைக்கை எடுத்துக்கிட்டுப் போனே. அது என் மடியில இருந்துச்சு. ஆமா, நான்தான் எடுத்தேன். போலீஸ்ல சொல்லு. நீ போயிட்டு வந்த முக்கா மணி நேரமும் அந்தக் காலேஜ் முடிச்ச பொண்ணு, ஒங்கிட்டயே ஏழெட்டு வருசம் ஆடுனவ, கையைத் தட்டியே பிராக்டீஸை நடத்திட்டா. கார்னர்ல ரெண்டு புது வகை ஆடிப் பாத்தானுக. ஒண்ணு உள்ள போச்சு. சத்தமே இல்ல. எனக்கே கொஞ்சம் பயமா இருந்துச்சு, ஹாக்கிதான் நடக்கா இல்ல தியானமான்னு.

லிவர்பூல் ஃபுட்பால் டீம்ல ஊலியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் கோச்சா இருந்தாரு. 2001 அக்டோபர்ல லீட்ஸ் டீமோட மேட்ச். இடைவேளையில நெஞ்சு வலி. நேரா ஆஸ்பத்திரி. பெருந்தமனி கிழிஞ்சு போயிருந்துச்சு, பதினோரு மணி நேரம் ஆபரேசன். பொழைச்சதே பெரிய காரியம். அஞ்சு மாசம் மைதானத்துக்கு வரல. டீம் என்னாச்சு? கலைஞ்சா போச்சு? ஃபில் தாம்சன்னு உதவிக் கோச்சு பாத்துக்கிட்டாரு. முந்தின சீசன்ல மூணாவது வந்த டீமு அந்த சீசன் ரெண்டாவதா முடிச்சிருச்சு. கோச்சு படுத்ததாலதான் ஒரு படி மேல ஏறுச்சுன்னு நான் சொல்லல, கடைசி ரெண்டு மாசம் அவரு திரும்பி வந்துட்டாரு. ஆனா நீ அப்படி நெனைச்சுப் பயந்தாலும் எனக்குச் சம்மதம்தான். ஒங்கிட்ட ஒரு நாள் லீவு கேட்டா நேரம் இல்லைங்கே. பதினோரு மணி நேரம் டேபிள்ல படுக்கச் சொன்னா மட்டும் எங்கேருந்து நேரம் வரும்?

ஒன்னைய மட்டும் கொறை சொல்லி என்ன? 2022-ல நம்ம ஊருப் பிள்ளை மாரீஸ்வரனும், இங்க ஹாஸ்டல்ல தங்கி ஆடுன அரியலூர் கார்த்தியும் இந்தியா சட்டை போட்டுக்கிட்டு ஜகார்த்தாவுக்கு ஆசியக் கோப்பைக்குப் போனாங்கல்லா, அன்னையிலேருந்து கோவில்பட்டியில மட்டை வாங்குன ஒவ்வொரு அப்பனுக்கும் தம் பையன்தான் அடுத்தவன். அரசு வேலையில விளையாட்டுக்கு மூணு சதவீதம்னு வேற இருக்கு. அது பெரிய விசயம், தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குற வீட்டுக்கு அது ஒரு கதவு, நான் அதைக் கேலி பண்ணல. ஆனா அந்தக் கதவை அவுக ராத்திரி பதினோரு மணிக்கு ஒன் வாட்ஸப்புல தட்டுறாக பாரு, அதைத்தான் பொறுக்க முடியல. 'சார், எம் பையனை ஏன் லெஃப்ட் ஹாஃப்ல போட்டீங்க?' நீ ஒரு கும்பிடு பொம்மை அனுப்புதே. அவுக ரெண்டு அனுப்புதாக. விடிய விடியக் கும்பிட்டுக்கிட்டே கெடக்கீங்க.

பேட்மிண்டன் கோச்சு கோபிசந்த் என்ன பண்ணுனாரு? ரியோ ஒலிம்பிக்குக்கு முன்னால சிந்து கையில இருந்த போனையே வாங்கி வச்சுட்டாரு. மாசக் கணக்குல குடுக்கல. 2016-ல வெள்ளி வாங்குன பொறவுதான் திருப்பிக் குடுத்தாரு. பிள்ளைக போனை வாங்கி வைக்க கோச்சு இருக்கான். கோச்சு போனை யாரு வாங்குறது? நல்ல கேள்வி. அந்தப் பதவி காலியா இருந்துச்சு, நான் விண்ணப்பம் போட்டு, நானே இன்டர்வியூ பண்ணி, நானே ஆர்டரும் வாங்கிட்டேன். ராத்திரி எட்டரைக்கு மேல அது என் தலகாணிக்கு அடியில இருக்கும். அவசரம்னா எம் மவ போனுக்கு அடிக்கச் சொல்லு. அவகிட்ட லெஃப்ட் ஹாஃபைப் பத்தி எவனும் பேச மாட்டான்.

டோக்கியோவுல 2021-ல நம்ம பொம்பளப் பிள்ளைக ஆஸ்திரேலியாவை ஒண்ணுக்கு சைபர்னு சாய்ச்சாங்களே, குர்ஜித் கவுர் கார்னர்ல அடிச்சது, அப்ப கோச்சு மரைனேன்னு ஹாலந்துக்காரர். ஜெயிச்ச ஜோர்ல பிள்ளைகளோட ஒரு போட்டோ எடுத்துப் போட்டு, குடும்பத்துக்கு மன்னிப்புக் கேட்டு, வீட்டுக்கு வர இன்னும் கொஞ்சம் லேட்டாகும்னு எழுதுனாரு. நாடே சிரிச்சுக் கைதட்டுச்சு. வெண்கலத்துக்கான ஆட்டத்துல பிரிட்டன்கிட்ட மூணுக்கு நாலுன்னு போயிருச்சு, நாலாவது எடம். அதோட, இதுதான் இந்தப் பிள்ளைகளோட எனக்குக் கடைசி ஆட்டம்னு சொல்லிட்டு வீட்டைப் பாக்கப் போயிட்டாரு. லேட்டாகும்னு வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு அவருக்குத் தோணியிருக்கு பாரு, அதைச் சொல்லுதேன். நீ எம் மவளுக்குக் கடைசியா எப்ப லேட்டாகும்னு சொன்னே? அவ கேக்கிறதையே விட்டுட்டா. பொண்டாட்டி சண்டை போடுறதை நிறுத்திட்டா நிம்மதின்னு நெனைக்காத மருமவனே. அது ஓவர் டைம் கணக்கு எழுதுற அமைதி.

ஒம் மவ அதுக்கும் மேல. ஞாயித்துக்கெழமை நீ வீட்டுக்குள்ள நுழையும்போது என்ன சொன்னான்னு கவனிச்சியா? 'அம்மா, சார் வந்துட்டாரு'ன்னா. நாலாப்புப் படிக்க பிள்ளை. கிரவுண்டுல எல்லாரும் அப்படிக் கூப்பிடுறதைக் கேட்டுக் கேட்டு அதுக்கு அதுதான் ஒம் பேருன்னு பதிஞ்சு போச்சு. நீ 'ம்'முன்னு அட்டெண்டன்ஸ் எடுத்துட்டு உள்ள போயிட்டே. எங்களுக்குத்தான் சிரிக்கவா அழவான்னு தெரியல.

இன்னொண்ணு. இதை மட்டும் கேலி இல்லாமச் சொல்லிருதேன். அரையிறுதி தோத்து வந்த பொறவு நீ ரெண்டு நாளாச் சாப்பிடல. கம்மாக்கரையில வண்டியை நிறுத்திட்டு இருட்டுல உக்காந்திருந்தேன்னு ஆடு பத்திட்டு வந்தவன் சொன்னான். நான் பின்னாலயே வந்தேன், கூப்பிடல. அப்படி நெஞ்சை அடைக்கிற நேரத்துல 14416-ன்னு ஒரு நம்பர் இருக்கு, காசு கெடையாது, ராத்திரி பகல் எப்ப வேணும்னாலும் எடுப்பாக, தமிழ்லயே பேசுவாக. டெலி மானஸ்னு பேரு. என்கிட்டச் சொல்ல ஒனக்கு வெக்கமா இருக்கும், நான் மாமனாரு. மொகம் தெரியாதவங்ககிட்டச் சொல்ல என்ன? பயலுகளுக்கு மனசைத் திடப்படுத்த இந்தியா டீமுக்கே பேடி அப்டன்னு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாகன்னு நீதான சொன்னே. அடிக்கிறவனுக்கு இருக்க மனசு, ஆட வைக்கிறவனுக்கு மட்டும் இல்லாமப் போயிருமா?

சரி, கேலி இல்லாமப் பேசி எனக்கே மூச்சு முட்டுது.

செவ்வாக்கெழமை மக்களைத் தேடி மருத்துவம் அக்கா நம்ம தெருவுக்கு வாரா. வீடு வீடா வந்து பிரசரு, சுகரு பாத்து மாத்திரையும் குடுத்துட்டுப் போறா. 2021-ல இருந்து வந்துக்கிட்டுத்தான் இருக்கா. எனக்குப் பாத்தாச்சு, ஒங்க அத்தைக்குப் பாத்தாச்சு, எதுத்த வீட்டு டீக்கடைக்காரனுக்கும் பாத்தாச்சு. ஒம் பேருக்கு நேரா மட்டும் 'வீட்டில் இல்லை'ன்னு எழுதி எழுதி அவளுக்குப் பேனாவே தீந்து போச்சு. இந்தச் செவ்வாக்கெழமை அவளைக் கிரவுண்டு கேட்டுக்கே வரச் சொல்லிட்டேன். காலையில ஏழு மணி, வெறும் வயித்துல. பயலுக அத்தனை பேரும் வரிசையா உக்காந்து வேடிக்கை பாப்பானுக. நூத்தி நாப்பதுக்குத் தொண்ணூறுக்கு மேல போனா கை தட்டக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

விசில் நாளையிலேருந்து காலையில ஒன்கிட்ட, சாயங்காலம் அந்தப் பொண்ணுகிட்ட. ஞாயித்துக்கெழமை யாருகிட்டயும் கெடையாது. அவளுக்கு என்ன குடுப்பேன்னு யோசிக்காத, ஒங்க சங்கத்துல செயலாளர்கிட்டப் பேசி ஒரு தொகைக்கு ஏற்பாடு பண்ணியாச்சு. மொதல்ல பட்ஜெட் இல்லைன்னாரு. ஃப்ளெக்ஸுக்கு எவ்வளவு ஆகும்னு நான் சொன்னேன். ரெண்டையும் கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டு ஒத்துக்கிட்டாரு.

எங்க எந்திரிக்க? கோனை எண்ணணுமா? பந்து ரெண்டு கொறையுதா? இரு, இதுக்குத்தான் ஒண்ணு கொண்டு வந்திருக்கேன். இந்தா பாரு. என்ன முழிக்க, எங்க வீட்டுப் பழைய ரேசன் கார்டுதான். ஸ்மார்ட் கார்டு வந்த பொறவு இதுக்கு அரிசி கெடையாது. ஆனா நெறத்தைப் பாரு, பச்சை. நடுவர் பச்சை அட்டை காட்டுனா என்ன அர்த்தம்? ரெண்டு நிமிசம் வெளிய உக்காரணும். சட்டம் தெரிஞ்ச ஆளுதான, உக்காரு. மறுபடி எந்திரிச்சேன்னா மஞ்சள், அஞ்சு நிமிசம். மஞ்சளுக்கு ஒங்க கல்யாணப் பத்திரிகையையே எடுத்து வச்சிருக்கேன், நாலு மூலையிலயும் இன்னும் மஞ்சள் இருக்கு. சிவப்புக்கு அட்டை தேடல. அதுக்கு ஒங்க அத்தை இருக்கா.

யாரு போன்ல? குடு இப்படி. குடுங்கேன்லா.

அல்லோ... ஆமா, கோச்சு சார் போன்தான்... யாரு, லெஃப்ட் ஹாஃபோட அப்பாவா? வணக்கம்யா, நல்லா இருக்கீகளா... இல்ல, அவரு பேச முடியாது, சஸ்பென்சன்ல இருக்காரு... அய்யய்ய, கவர்மெண்டு பண்ணல, நான்தான் பண்ணுனேன்... எத்தனை நாளா? ரெண்டு நிமிசம்தான். ஆனா நீங்க திங்கக்கெழமை சாயங்காலம் கிரவுண்டுக்கு வந்து, பையன் ஆடுறதை ஒரு தடவ பாத்துட்டு, அதுக்குப் பொறவு கேளுங்க.